ஊலாங்கும் முதிர்தேயிலையும்: விக்கிரவாண்டியில் ஒரு சுவைஞரின் பட்டறிவு

தமிழ்நாட்டில் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது தனித் தொழிலாக வளர்ந்ததில் குன்னூரில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய ஏலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஏலத்துக்கு வரும் சரக்கின் மாதிரிகள் முன்கூட்டியே தரகர்களுக்கும் வாங்குவோருக்கும் போய்ச்சேர, அவர்கள் அவற்றை வெந்நீரில் ஊறவைத்து, சாயத்தின் நிறத்தையும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பையும் பார்த்து, எந்தச் சரக்குக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். இச்சரக்கில் மிகப்பெரும் பங்கு சி.டி.சி. எனப்படும் குருணைத் தேயிலைதான். பல் வெட்டிய உருளைகளுக்கு இடையே பச்சிலையைச் செலுத்தி நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இம்முறை 1930களில் அசாமில் உருவானது. நசுங்கிய இலை காற்றுபட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். பிறகு சூட்டில் உலர்த்திச் சலித்தால் மூட்டை கட்டிவிடலாம். கொதிக்கும் பாலில் சட்டென்று சாயம் இறங்க வேண்டும், சர்க்கரையையும் மீறித் துவர்ப்பு நிற்க வேண்டும், ஒரு கிலோ தூளுக்கு இத்தனை கிளாஸ் என்ற கணக்கு கட்டுப்படியாக வேண்டும் என்னும் கடைக்காரரின் தேவைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை வேறில்லை.

விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டி இத்தேவைகள் அனைத்தும் கண்முன் தெரியும் ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் சாலை பிரிவதும், சுங்கச்சாவடி அமைந்திருப்பதும், தொலைதூரப் பேருந்துகளும் லாரிகளும் நின்று போவதும் சேர்ந்து, இங்குள்ள டீக்கடைகளின் பாய்லர்களை நள்ளிரவிலும் அணையவிடுவதில்லை. இக்கட்டுரையாளர் இவ்வட்டாரத்துக் கடைகளுக்குத் தூள் கலந்து கொடுக்கும் தொழிலில் பழகியவர். டஸ்ட் வகைகளில் எது நிறம் தரும், எது திடம் தரும், எது மணம் தரும் என்று பிரித்தறிந்து, டீ மாஸ்டரின் கைப்பக்குவத்துக்கு ஏற்ப அவற்றைச் சேர்ப்பதே அத்தொழில். சீனத்து ஊலாங் தேயிலையையும், ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கப்படும் கருந்தேயிலையையும் தேடிச் சுவைக்கும் முயற்சி அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே எழுந்தது. விரைவாகச் செய்து, விரைவாக விற்று, விரைவாகக் குடித்து முடிக்கும் தேயிலையை மட்டும் அறிந்தவர், இலையின் இயல்பில் ஒரு பகுதியை மட்டுமே அறிந்தவராவார். காலமும் தேயிலையின் மூலப்பொருள்களில் ஒன்று என்பதை இவ்விரு வகைகளும் செய்முறையிலும் கோப்பையிலும் சேமிப்பிலும் தெளிவாகக் காட்டுகின்றன.

இலை சிவக்கும் அளவு

பச்சைத் தேயிலை, வெண் தேயிலை, மஞ்சள் தேயிலை, ஊலாங், நாம் அன்றாடம் குடிக்கும் வகை, கருந்தேயிலை ஆகிய ஆறும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலையிலிருந்து வருபவை. செடியையோ ஊரையோ நிறத்தையோ அடிப்படையாகக் கொள்ளாமல், செய்முறையில் இலைக்குள் நிகழும் மாற்றத்தை வைத்து ஆறு பிரிவுகளாக வகுக்கும் முறையைச் சீன அறிஞர் சென் சுவான் 1979இல் முன்வைத்தார். இலை கசங்கும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு கேட்டச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்களை மாற்றுகிறது. பொன்னிறம் தரும் தியாஃப்ளேவினும் செம்பழுப்பு தரும் தியாரூபிஜினும் அவ்வாறு பிறப்பவையே. பச்சைத் தேயிலையில் இம்மாற்றத்தைத் தொடக்கத்திலேயே சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள், சி.டி.சி. தூளில் அதை முழுமையாக ஓடவிடுகிறார்கள். ஊலாங்கில் நடுவழியில், வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள். அந்த இடம் ஏறக்குறைய 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை எங்கும் அமையலாம் என்பதாலேயே ஊலாங் என்ற ஒரு பெயருக்குள் ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத சுவைகள் அடங்கியிருக்கின்றன.

நடுவழியில் நிறுத்துவது எளிதன்று. ஃபூஜியென் மாகாணத்தின் வடக்கே உள்ள வூயி மலையில் பாறைத் தேயிலை என்று வழங்கும் ஊலாங் செய்வோர், பறித்த இலையை முதலில் வெயிலிலும் பிறகு நிழலிலும் வாடவைத்து, மூங்கில் தட்டுகளிலோ சுழலும் உருளைகளிலோ இட்டுக் குலுக்குகிறார்கள். குலுக்கலில் இலையின் ஓரம் மட்டும் கன்றிச் சிவக்க, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். சற்று நேரம் ஆறவிட்டு மீண்டும் குலுக்குவதும், மணம் புல்வாடையிலிருந்து பூவாடைக்கு மாறுவதை முகர்ந்து பார்ப்பதுமாக அந்த வேலை இரவு முழுவதும் நீள்கிறது. கடிகாரத்தைவிட மூக்கே அங்கு அளவுகோல். தக்க தருணத்தில் சூடான கொப்பரையில் வாட்டி நொதியை அடக்கி, உருட்டி, உலர்த்தியபின், சாம்பல் மூடிய கரித்தணலின் மேல் மூங்கில் கூடைகளில் பல மணி நேரம் மெல்ல வறுக்கிறார்கள். சித்திரை வைகாசியை ஒட்டிப் பறித்த இலை, வறுவலின் நெருப்பு வாடை அடங்கும்வரை மேலும் சில மாதங்கள் ஓய்வில் இருந்த பிறகே நல்ல நிலைக்கு வருகிறது.

ஒரே செய்முறை ஊருக்கு ஊர் வேறு முகம் கொள்கிறது. வூயி மலையில் ஷுய் ஷியென், ரோ குய் முதலிய செடி வகைகளும், புகழ்பெற்ற தா ஹொங் பாவும் விளைகின்றன. பாறைச் சரிவில் நிற்கும் தா ஹொங் பாவின் தாய்ச்செடிகள் ஆறிலும் 2006 முதல் பறிப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால், இன்று அப்பெயரில் கிடைப்பது அவற்றின் வழிவந்த பதியன் செடிகளின் இலை அல்லது பல வகைகளின் கலப்பு என்பதை வாங்குவோர் தெரிந்திருக்க வேண்டும். அதே மாகாணத்தின் தெற்கே ஆன்ஷியில் செய்யப்படும் தியே குவான்யின், துணியில் பொதிந்து திரும்பத் திரும்ப அழுத்தி உருட்டப்படுவதால் இறுகிய மணிகளாக வருகிறது. குவாங்தொங் மாகாணத்து ஃபெங்ஹுவாங் மலையில் தனிமரங்களின் இலையைத் தனித்தனியே செய்யும் மரபிலிருந்து வந்த தான்சொங் வகைகள் தேனையும் பூக்களையும் நினைவூட்டும் மணத்துக்குப் பேர்பெற்றவை. தைவானின் கிழக்கத்திய அழகி என்னும் ஊலாங்குக்கு, தத்துப்பூச்சி கடித்த கொழுந்துதான் வேண்டும். கடிபட்ட இலை தற்காப்புக்காகச் சுரக்கும் மணப்பொருள்களே அதன் தேன்மணத்துக்குக் காரணம் என்பதால், அங்குள்ள விவசாயி அப்பூச்சிக்கு மருந்தடிக்காமல் காத்திருக்கிறார்.

கோப்பையில் வரிசை

ஏல மாதிரிகளைச் சுவைப்பதற்கு உலக அளவில் ஒரு வரையறை உண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் அந்தத் தரநிலையின்படி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, 6 நிமிடம் மூடிவைத்து வடிக்க வேண்டும். எல்லா மாதிரிக்கும் ஒரே நேரம், ஒரே அளவு என்பதால் குறைகள் ஒளிந்துகொள்ள முடியாது. கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சி, வாய் முழுவதும் பரப்பி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகரலாம். தொழிலுக்கு இது இன்றியமையாத முறை. ஆனால் ஊலாங்கை இம்முறையில் மட்டும் சோதிப்பவருக்கு, அதன் பல கட்டங்களும் கலங்கிச் சேர்ந்த ஒற்றைச் சாறுதான் கிடைக்கும்.

சீனத்தின் தென்கிழக்கில், குறிப்பாகச் சாவ்சோவில் வளர்ந்த கொங்ஃபூ முறை இதற்கு நேர் எதிரானது. 100 முதல் 120 மில்லிலிட்டர் கொள்ளும் கைவான் என்ற மூடிக்கிண்ணத்தில் 5 முதல் 8 கிராம் வரை இலையை இட்டு, கொதிநீரை ஊற்றிச் சில நொடிகளிலேயே முழுவதும் வடித்துவிட வேண்டும். அதே இலைக்கு மீண்டும் நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். இலை மிகுதி, நீர் குறைவு, நேரம் சுருக்கம் என்னும் இந்த ஏற்பாட்டில், எளிதில் கரையும் மணம் முதல் ஊற்றுகளிலும், உடல்கனம் நடு ஊற்றுகளிலும், இலையின் அடித்தன்மை கடைசி ஊற்றுகளிலும் தனித்தனியே வெளிப்படுகின்றன. எனவே கொங்ஃபூவில் மதிப்பிடப்படுவது ஒரு கோப்பையன்று, கோப்பைகளின் வரிசை.

வறுவல் ஏறிய ஷுய் ஷியென் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சூடேற்றிய கைவானில் உலர்ந்த இலையை இட்டு மூடித் திறந்ததும் மேலெழுவது கரியும் கொக்கோவும் கலந்த வாடை. முதல் ஊற்றில் அந்த வறுவலே முன்னால் நிற்கும். இரண்டாம் மூன்றாம் ஊற்றுகளில் வறுவல் பின்வாங்க, மூடியின் அடிப்புறத்தில் பூமணம் தங்குகிறது. சாறு வழுவழுப்பாகி, விழுங்கியபின் தொண்டையின் அடியிலிருந்து குளிர்ச்சி மேலேறுகிறது. நான்கு, ஐந்துக்குப் பிறகு மணம் தணிந்து, ஈரக்கல்லை ஒத்த ஒரு கனிமத்தன்மை மட்டும் நிற்கிறது. வூயி தேயிலையின் தனிக்குணமாகச் சுவைஞர்கள் போற்றும் பாறைத்தன்மை இதுவே. வறுவலால் குறையை மூடிய மட்டமான இலையாக இருந்தால் மூன்றாம் ஊற்றிலேயே கரிவாடை நீங்கி வெறும் துவர்ப்பு மிஞ்சும். ஆகவே முதல் கோப்பையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், வரிசையின் பிற்பகுதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஊறிய இலையைத் தட்டில் விரித்து, ஓரம் சிவந்து நடு பச்சையாக இருக்கிறதா, கருகி விரியாமல் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அந்த முடிவை உறுதிசெய்யும்.

இத்தேயிலைகளைக் குடிக்கையில் துப்புவதற்கு இடமில்லை. விழுங்கியபின் நிகழ்வதும் மதிப்பீட்டில் பாதி. நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்த வாய் அறிந்திருக்கும் அந்தப் பின்னினிப்பு, நல்ல ஊலாங்கிலும் பு-எர் என்னும் முதிர்ந்த கருந்தேயிலையிலும் கசப்பின் முதுகிலேறி வருகிறது. எவ்வளவு விரைவாக வருகிறது, நாவில் நிற்கிறதா தொண்டைவரை இறங்குகிறதா, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று சீனச் சுவைஞர்கள் அதைத் தனியே அளவிடுகிறார்கள். மணங்களைக் குறிப்பதில் அவர்கள் ஓர்க்கிட், லோங்கன் பழம், சீன இலந்தை என்று தம் ஊர்ப் பொருள்களைச் சொல்வது இயல்பு. விக்கிரவாண்டியில் அமர்ந்து சுவைப்பவர், தாம் ஒருபோதும் முகராத பூவின் பெயரை இரவல் வாங்கி எழுதுவதைவிட, மகிழம்பூ, சம்பங்கி, கருப்பட்டி, வறுத்த மல்லாட்டை, ஈர வைக்கோல் என்று கையெட்டும் மணங்களைக் குறிப்பேட்டில் எழுதிப் பழகுவது நல்லது. அடுத்த ஆண்டு அதே தேயிலையைச் சுவைக்கையில் மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டுபவை அக்குறிப்புகளே.

தண்ணீரும் கொதிநிலையும்

எட்டாம் நூற்றாண்டில் சாஜிங் என்னும் தேயிலை நூலை எழுதிய லூ யூ, மலை ஊற்று நீரை முதலாவதாகவும், ஆற்று நீரை அடுத்ததாகவும், கிணற்று நீரைக் கடைசியாகவும் வைத்தார். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் சமவெளி ஊர்களில் இந்த வரிசையின் பொருள் முதல் கோப்பையிலேயே தெரிந்துவிடும். கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடின நீர், தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து சாயத்தின் மேல் மெல்லிய ஏட்டைப் படியச் செய்கிறது. நிறம் கறுக்கிறது, ஒளி மங்குகிறது, பூமணம் அமுங்கிப்போகிறது. பாலும் சர்க்கரையும் சேரும் டீயில் மறைந்துபோகும் இக்குறை, வெறும் சாறாகக் குடிக்கும் ஊலாங்கில் ஒளிய இடமின்றி நிற்கும். மறுபுறம், கேன்களில் வரும் ஆர்.ஓ. நீரில் உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடுவதால் மணம் கூர்மையாக எழும். ஆனால் சாறு நீர்த்து, நாக்கில் கனமின்றி ஓடிவிடும். கேன் நீரோடு, நன்றாகக் கொதிக்கவைத்து உப்பு அடியில் படிந்தபின் தெளிவாக இறுத்தெடுத்த கிணற்று நீரைச் சிறிதளவு கலப்பது இவ்விரு குறைகளுக்கும் நடுவே ஒரு சமநிலையைத் தருகிறது. கலக்கும் அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும் என்பதால், பழகிய ஒரு தேயிலையை வெவ்வேறு கலவைகளில் ஊறவைத்து ஒப்பிடுவதே அதைக் கண்டறியும் வழி.

கொதிநிலை மற்றொரு செய்தி. ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய விக்கிரவாண்டியிலோ 100 பாகையை நெருங்குகிறது. மலையில் சுவைக்கும்போது இதமாக இருந்த மென்மையான ஊலாங், சமவெளியில் அதே அளவு, அதே நேரத்தில் கடுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். தான்சொங் போன்று எளிதில் கசக்கும் வகைகளுக்குக் கொதி அடங்கியபின் நீரை ஊற்றுவதோ, ஊறும் நேரத்தைக் குறைப்பதோ இங்கு அவசியமாகிறது. இறுகி உருண்ட வறுவல் வகைகளுக்கும் முதிர்ந்த கருந்தேயிலைக்குமோ இந்த ஆறு பாகை கூடுதல் வெப்பம் நன்மையே. அவை முழுமையாகத் திறந்துகொள்ள அது உதவுகிறது.

நுண்ணுயிர் செய்யும் தேயிலை

ஊலாங்கிலும் நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலையிலும் நிகழ்வது இலையின் சொந்த நொதியால் வரும் மாற்றம். கருந்தேயிலையிலோ செய்முறை முடிந்தபின், ஈரமும் வெப்பமும் துணைநிற்க, பூஞ்சைகளும் பிற நுண்ணுயிர்களும் இலையைத் தொடர்ந்து மாற்றுகின்றன. தோசை மாவு புளிப்பதும் இதுவும் பரந்த பொருளில் ஒரே இனத்து வேலைகள். இவ்வகையில் தலையாயது யுன்னான் மாகாணத்தின் பு-எர். அசாமியப் பேரிலை வகைச் செடியின் இலையைக் கொப்பரையில் வாட்டி, உருட்டி, வெயிலில் உலர்த்தி, ஆவியில் இளக்கி வட்டமான அப்பங்களாக அழுத்துகிறார்கள். மரபான அப்பத்தின் எடை 357 கிராம்; ஏழு அப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூங்கில் உறையில் கட்டுவார்கள். வெயில் உலர்த்தலில் நொதி முழுவதும் அழிவதில்லை என்பதாலேயே இந்த இலைக்கு நெடிய பிற்காலம் வாய்க்கிறது.

இப்படி அழுத்திய பச்சை வகைக்கு ஷெங் என்று பெயர். புதிதில் அது பச்சைத் தேயிலைக்கு நெருக்கமாக, கசப்பும் கூர்மையும் மிக்கதாக இருக்கும். பத்து, இருபது ஆண்டுகளில் நிறம் தேன் பொன்னிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, கசப்பு உருகி, மரமும் கற்பூரமும் உலர்பழமும் கலந்த மணம் உருவாகும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாத சந்தைக்காக 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் வகுக்கப்பட்டது வோ துய் என்னும் குவியல் முறை. இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்தால் குவியலின் உட்புறம் 50 பாகைக்கு மேல் சூடேறுகிறது. அவ்வப்போது கிளறிவிட்டு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் வைத்திருந்தால், கறுத்து, மண்மணமும் மென்மையும் கொண்ட ஷூ என்னும் முதிர்வகை கிடைக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் முதலான பூஞ்சைகள் இதில் முன்னிற்கின்றன. புதிய ஷூவில் குவியலின் மீன்வாடை தங்கியிருக்கும். காற்றோட்டத்தில் ஓரிரு ஆண்டு வைத்தால் அது விலகிவிடும்.

குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியின் லியூ பாவ் என்னும் கருந்தேயிலைக்குத் தமிழர் வாழ்ந்த நிலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. மலாயாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச்சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள், வெப்பமும் ஈரமும் உடலை வருத்தாமலிருக்க உதவும் என்று நம்பிக் குடித்தது இத்தேயிலையே. அதே மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் பால்வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூடைகளில் அங்கு வந்திறங்கி, மலேசியக் கிடங்குகளின் வெப்பமண்டல ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்த பழைய லியூ பாவைச் சீனச் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் தேடி வாங்கத் தொடங்கினார்கள். குளிர்ந்த மலைநாட்டில்தான் தேயிலை நன்றாக முதிரும் என்ற எண்ணத்துக்கு இதுவே போதிய மறுப்பு. விழுப்புரம் மாவட்டத்துக்கு வழிகாட்டக்கூடிய முன்மாதிரி பினாங்கிலும் ஈப்போவிலும் இருக்கிறது.

முதிர்ந்த தேயிலையை வாங்குவோருக்குக் கண்ணும் நாவும் விழிப்பாக இருக்க வேண்டும். ஆண்டு கூடக்கூட விலை கூடும் பொருளில் ஆண்டைப் பொய்யாக அச்சிடும் ஆசையும் கூடும்; பு-எரின் விலை வெறிகொண்டு ஏறி 2007இல் சரிந்தபோது பலர் இதை நட்டப்பட்டே கற்றார்கள். 7542 என்று உறையில் அச்சிட்டிருந்தால் 75 என்பது 1975இல் வகுக்கப்பட்ட செய்முறையையும், 4 இலைத் தரத்தையும், 2 மெங்ஹாய் ஆலையையும் குறிக்குமே தவிர, அந்த அப்பம் 1975இல் செய்யப்பட்டது என்று பொருளாகாது. உறை சொல்லும் வயதைச் சக்கை சொல்லும் வயதோடு ஒப்பிட வேண்டும். உலர்ந்த இடத்தில் நேர்மையாக முதிர்ந்த ஷெங்கின் ஊறிய இலை பழுப்பேறியும் துவண்டு நெகிழ்வதாகவும் இருக்கும், விரலிடையே தேய்த்தால் எளிதில் கிழியாது. குவியலில் முதிர்ந்த ஷூவின் இலை கறுத்து, அழுத்தினால் குழையும் அல்லது நொறுங்கும். ஈரக்கிடங்கில் வைத்து அவசரமாக வயதேற்றிய சரக்கில் முதல் இரண்டு ஊற்றுகளில் பூட்டிய அறையின் வாடை எழும். ஐந்தாம் ஊற்றிலும் அது நீங்காவிட்டால் அந்த அப்பத்தை ஒதுக்கிவிடுவதே நலம். பொடியாகவோ பஞ்சாகவோ பூசணம் கண்ணில்பட்டால் சுவைத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஹுனான் மாகாணத்து ஃபூ செங்கல் தேயிலையில் வேண்டுமென்றே வளர்க்கப்படும் மஞ்சள் நிறப் பூஞ்சைப் புள்ளிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைப் பொற்பூக்கள் என்றே அழைக்கிறார்கள்.

விழுப்புரத்து வெப்பத்தில் சேமிப்பு

பு-எர் சேகரிப்போர் பொதுவாக நாடுவது 20 முதல் 30 பாகை வெப்பமும் 60 முதல் 75 சதவீத ஈரப்பதமும் கொண்ட, நாற்றமற்ற, வெயில் படாத இடம். விக்கிரவாண்டியில் அக்னி நட்சத்திர வெயில் இந்த வரம்பைத் தாண்டுகிறது. ஆடிக்காற்று அப்பத்தின் மேற்பரப்பை உலர்த்திவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் பூசணம் பிடிக்கும் அளவுக்கு ஏறுகிறது. இம்மூன்று பருவங்களையும் ஒரே ஏற்பாட்டால் சமாளிக்க முடியாது. ஊறுகாய் படாத பீங்கான் ஜாடியிலோ கெட்டி அட்டைப்பெட்டியிலோ அப்பங்களைக் காகித உறையோடு அடுக்கி, வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானியை இடுவது அடிப்படை. உலர்ந்த மாதங்களில் மூடியைச் சற்றுத் தளர்த்தலாம்; மழைக்காலம் தொடங்கும் முன் இறுக மூடி, அது முடியும்வரை திறக்காமல் இருப்பது பாதுகாப்பு. ஈரம் 80 சதவீதத்தைத் தொடும் நாள்களில் திறந்து முகர்ந்து பார்க்கும் ஆவலை அடக்குவதும் சேமிப்பின் ஒரு பகுதியே.

வெப்பத்தைவிடப் பெரிய பகை வாடை. தேயிலை சுற்றியுள்ள மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. மல்லிகைத் தேயிலை செய்யப்படுவதே இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான். மளிகைக் கடையில் பெருங்காயமும் மிளகாய் வற்றலும் இருக்கும் அலமாரியில் சில வாரம் இருந்த ஊலாங், தன் மணத்தை இழந்து அவற்றின் மணத்தை ஏற்றிருக்கும். பூசையறைச் சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், துணி பீரோவில் போடும் அந்துருண்டை ஆகியவை எட்டும் இடத்தில் எந்த முதிர்தேயிலையையும் வைக்கக் கூடாது. ஊலாங்கிலும் இரு நிலை உண்டு: பச்சை வாசம் மாறாத இளவறுவல் தியே குவான்யினைக் காற்றுப்புகாத பையில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் குடித்துவிட வேண்டும், நன்றாக வறுத்த வூயி ஊலாங்கோ நிறைத்து மூடிய தகர டப்பாவில் ஆண்டுக்கணக்கில் தாங்கி, மெல்ல உலர்ந்த பிளம் பழத்தின் புளிப்பினிப்பை அடையும். முதல்வகையை முதிரவைக்க முயல்வதும் இரண்டாம் வகையை அவசரமாகக் குடிப்பதும் ஒரே அளவு இழப்பு.

நீலகிரிக்கு வேண்டியது காலம்

இந்தியாவில் இறக்குமதித் தேயிலைக்கு 100 சதவீத அடிப்படைச் சுங்க வரி இருப்பதால், சீனத்து நல்ல ஊலாங் சிறு ஊரின் சுவைஞருக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவரும் சிறு பொட்டலங்களே பலருக்குத் தொடக்கம். ஆனால் அதே செடி, அதே மலைக்குளிர், இலையறிந்த கைகள் ஆகிய மூன்றும் ஒரு பகல் பயணத் தொலைவில் நீலகிரியில் இருக்கின்றன. நீலகிரியின் பழைய தோட்டங்களில் சீன வகைச் செடிகள் இன்றும் உள்ளன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்ட அமைப்பான டேன்டீ உருவாக்கப்பட்டபோது, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த கைத்திறனும் இம்மலைக்கு வந்துசேர்ந்தது. மார்கழி, தை மாதங்களின் உறைபனிக் காலத்தில் மெதுவாக வளரும் கொழுந்து மணம் செறிந்தது என்பதைத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். குன்னூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் சில இப்போது ஊலாங்கும் செய்கின்றன. பழமணமும் தெளிந்த பொன்னிறமும் கொண்ட அவை, கொங்ஃபூ முறையில் நான்கைந்து ஊற்றுவரை நின்று பேசுகின்றன.

அவற்றைச் சீன ஊலாங்கோடு அருகருகே வைத்துச் சுவைக்கும்போது தெரியும் வேறுபாடு மண்ணில் தொடங்குவதன்று, கால அளவில் தொடங்குவது. சீனத்தில் ஊலாங்குக்குக் கொழுந்து முற்றி இலை விரிந்தபின் மூன்று, நான்கு இலைகளோடு பறிக்கிறார்கள். இங்கோ இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற பழக்கமே கையில் ஊறியிருக்கிறது. அங்கு இரவு முழுவதும் குலுக்கி ஆறவிடும் வேலைக்கு ஆளும் கூலியும் ஒதுக்கப்படுகின்றன. இங்கு தொழிற்சாலையின் பொருளாதாரம் வாராந்திர ஏலத்தோடு கட்டுண்டிருக்கிறது. அங்கு வறுவலுக்குப்பின் பல மாத ஓய்வு உண்டு. இங்கு செய்த சரக்கு கிடங்கில் நிற்பதே நட்டமாகக் கருதப்படுகிறது. பறித்த பச்சிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் தவிக்கும் நீலகிரிச் சிறு விவசாயிக்கு, குருணைத் தேயிலையின் அளவில் போட்டியிடுவதைவிடக் குறைந்த இலையில் நிறைந்த உழைப்பைச் செலுத்தும் இவ்வகை ஒரு வழியாக அமையலாம். அதற்குத் தக்க விலை தரும் குடிப்போர் உள்ளூரிலேயே உருவாக வேண்டும்.

அந்தக் குடிப்போரை உருவாக்குவதில் சமவெளிச் சுவைஞருக்கும் தூள் வணிகருக்கும் கடமை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் உறைபனிக் காலத்து நீலகிரி ஊலாங்கில் ஒரு சிறு பங்கை ஆண்டு எழுதி ஒதுக்கி, பாதியைக் குன்னூரின் குளிரிலும் பாதியை விக்கிரவாண்டியின் வெப்பத்திலும் வைத்து, ஒரே நீரில், ஒரே அளவில் ஆண்டுதோறும் சுவைத்துக் குறிப்பெழுதி வந்தால், பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுத் தேயிலை எப்படி முதிர்கிறது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கும். வூயி மலையும் யுன்னானும் ஈப்போவும் தம் தேயிலையைப் பற்றி அறிந்திருப்பது அனைத்தும் இப்படி வைத்துப் பார்த்து அறிந்ததே. டீக்கடைக்கு வேண்டிய தூளை அதன் வேகத்தில் நேர்மையாகக் கலந்து கொடுத்துக்கொண்டே, அதே மலையின் மற்றோர் இலைக்கு அதற்குரிய காலத்தையும் கொடுப்பது இத்தொழிலில் இருப்போரால் இயலும். அதற்குத் தேவை ஒரு ஜாடி, ஒரு குறிப்பேடு, அடுத்த மார்கழிப் பறிப்பில் வாங்கும் முதல் கிலோ.